வாசனையார் குடியிருந்த தொண்ணூற்றைந்து வீடுகள்

கோயம்புத்தூர் எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வடக்கே போகிற சாலையில், ஊர் முடிந்துவிட்டது என்று நம்பி நீங்கள் வண்டியைத் திருப்பப் பார்க்கிற இடத்தில், மேகமலர் என்க்ளேவ் என்ற பெயரில் மூன்று கட்டடங்கள் நிற்கும். அதற்குள் தொண்ணூற்றாறு வீடுகள். அந்தத் தொண்ணூற்றாறு வீட்டுக்காரர்களும், படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், அரைக் கிலோ தக்காளி வாங்கினாலும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள், ஆனி மாதத்தின் கடைசி வாரத்தில், பெயிண்ட் காயாத சுவருக்கும் பாலிஷ் காயாத கதவுக்கும் நடுவில் அடுப்பை வைத்துப் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். சுவரில் கை வைத்தால் கை ஒட்டியது. மூன்று வாரம் காயட்டும் என்று பெயிண்டர் சொன்னார். ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டு இரண்டு மாதமாவது வீட்டைச் சும்மா விடுங்கள் என்று, வடக்கேயிருந்து வந்து வேலை பார்த்த தச்சர், சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாதே, அதை யார் யோசிப்பது? பஞ்சாங்கம் வகுத்தவர் காலத்தில் தின்னரும் இல்லை, பிளைவுட்டும் இல்லை. இருந்திருந்தால் அவரும் இரண்டு மாதம் கழித்தே நாள் குறித்திருப்பார் என்று சொல்லும் துணிச்சல் தொண்ணூற்றாறு பட்டங்களில் ஒன்றுக்கும் இல்லை.

சி-503க்குக் குடிவந்தவள் மங்கையர்க்கரசி. கணவன் சிவப்பிரகாசத்துக்கு பம்பு செட் கம்பெனியில் விற்பனை வேலை. மகள் மிருதுளாவுக்கு ஆறு வயது. முன்பு ஊருக்குள் கணபதிப் பகுதியில், லேத் பட்டறைக்கு மேலே, சிமெண்ட் ஷீட் போட்ட மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அதை நினைத்து ஏங்க ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் அது அடுப்பு, மற்ற காலத்தில் இரும்புத்தூள். அதனால்தான் இந்த வீட்டுக்கு என்று வந்தபோது சிவப்பிரகாசம் ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லா அறையிலும் தரையிலிருந்து சீலிங் வரை அலமாரி, டிவிக்கு ஒரு சுவர் முழுக்கப் பலகை, ஹாலில் விளக்குப் பதித்த ஃபால்ஸ் சீலிங், எல்லாம் வால்நட் நிறம். மிருதுளாவின் அறைக்கு மட்டும் இளஞ்சிவப்பு. கல்லூரி நூலக வேலையை விட்டுவிட்டு, நான்கு மாதம் தச்சர்களின் கூடவே நின்று, கைப்பிடிக்குக் கைப்பிடி மங்கை பார்த்துச் செய்தது. அலமாரிக் கதவுகளின் மேல் ஒட்டியிருந்த பாலிதீன் உறையைக்கூட அவர்கள் இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் பழசாகிவிடும்.

மூன்றாம் நாள் காலை, காபி போட எழுந்து வந்த மங்கை, ஹால் சோபாவில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வார்னிஷ் நிறம். நல்ல உயரம். கைகளை முட்டிமேல் வைத்து, பெண் பார்க்க வந்தவரைப் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்த இடத்தில் மெத்தை அமுங்கவில்லை. கிட்டே போனதும் அவள் கண்ணில் நீர் கட்டியது, மூக்குக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி எரிந்தது, அதை வைத்தே வந்திருப்பது யாரென்று அவளுக்குத் தெரிந்துபோனது. புது வீட்டு வாசனை.

“ஏனுங்க, சித்த எந்திரிச்சு வாங்க,” என்று படுக்கையறைப் பக்கம் குரல் கொடுத்தாள். “நம்மூட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குது.”

சிவப்பிரகாசம் வந்தான், விருந்தாளியைப் பார்த்தான், அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக்கொண்டு, “வாங்க வாங்க” என்றான். அவனுக்கும் கண் கலங்கியது. இருபது வருட உழைப்பு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது, கலங்காதா என்று நினைத்துக்கொண்டான்.

எட்டு மணிக்குள் விஷயம் தெரிந்துவிட்டது: சி-504 பிரேமலதா வீட்டில் ஒருவர் வந்திருக்கிறார், பி பிளாக் முழுக்க வந்திருக்கிறார்கள், ஏ-401இல் வந்தவர் ஃபேனில் தலை இடிக்கும் உயரம். யாரும் அலறவில்லை, யாரும் போலீஸுக்குப் போன் செய்யவில்லை. தண்ணீர் லாரி வரவில்லை என்றால் கூடி நின்று கத்துகிற அதே ஆட்கள், காற்று எழுந்து சோபாவில் உட்கார்ந்ததும் அதற்கு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். மதியத்துக்குள் அளவெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மரவேலை அதிகமுள்ள வீட்டில் வாசனை உயரம், குறைந்த வீட்டில் குட்டை. பி-203இல் சமையலறைக்கு மட்டும் பலகை அடித்திருந்தவர்கள் வீட்டில் வந்தவர் முழங்கால் உயரமே இருந்தார். அந்தக் குடும்பம் வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே வரவில்லை, மூன்றாம் நாள் ஃபால்ஸ் சீலிங்குக்கு ஆள் சொல்லிவிட்டது. ஏ-102இல் இருந்த ஆசிரியர் குழந்தைவேல், பழைய இரும்பு பீரோவோடும் மரக்கட்டிலோடும் குடிவந்தவர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்று விட்டவர். அவர் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை.

“அவங்கூட்ல யாருமே இருமறதில்லை பார்த்தியா?” என்றாள் பிரேமலதா, லிஃப்டில், தானும் ஒருமுறை இருமிவிட்டு.

“ஆமா, ஏன்?”

“பாவம், வசதியில்லை.”

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்பி வந்த காற்று, தொண்ணூற்றாறு வீடுகளின் ஜன்னலையும் ஒன்றுவிடாமல் தட்டித் தட்டிப் பார்த்தது. யாரும் திறக்கவில்லை. திறந்தால் தூசி வரும், திறந்தால் வாசனை போய்விடும், வாசனை போனால் பழைய வீடு. காற்று கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு முப்பது நாளும் வெளியிலேயே நின்றது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கனகசபாபதி, மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், கிளப் ஹவுஸில் கூட்டம் போட்டார். வீட்டுக்கு ஒருவர், கூடவே அந்த வீட்டு வாசனை ஒருவர். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதவில்லை, உறுப்பினர்கள் எழுந்து நின்று வாசனைகளுக்கு இடம் கொடுத்தார்கள். ஏசி போட வேண்டும் என்று கதவையும் சாத்தியாகிவிட்டது. கால் மணி நேரத்தில் அந்தக் கூடமே தேம்பித் தேம்பி அழுதது. மூக்கைச் சிந்தாதவர் இல்லை. கனகசபாபதி கைக்குட்டையை நனைத்துக்கொண்டே, இவ்வளவு உணர்வுபூர்வமான ஒரு கூட்டத்தைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. இனி ‘அது’, ‘இது’ என்று யாரும் பேசக் கூடாது, வாசனையார் என்றே சொல்ல வேண்டும். வாசனையார் இருக்கும்வரை ஜன்னல்கள் மூடியே இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் வர வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய தலை எண்ணெய் நாற்றம் வாசனையாரோடு கலந்துவிடுகிறது. கருவாடு வறுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம் என்றும் குறிப்பேட்டில் சேர்த்தார்கள். எல்லோரும் இருமினார்கள். அது கைதட்டல் மாதிரியே கேட்டது.

இருமலுக்கு வேறு காரணங்கள் ஏராளம் கிடைத்தன. மொட்டைமாடிப் புறா, பக்கத்துக் காட்டில் யாரோ எரிக்கிற குப்பை, மூன்றாவது மாடிப் பையன் குடிக்கிற சிகரெட், குளிர்ந்த தண்ணீர், சைனஸ், வயசு. ரூம் ஃப்ரெஷ்னர் வாங்கி வாசனையாரின் தலைமேல் அடித்தார்கள். அவர் இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி காட்டினார்கள், வளர்ந்தார்.

மிருதுளா மட்டும் அவரைக் கும்பிடவில்லை. அவளுடைய அறையில், கட்டிலின் தலைமாட்டில், இளஞ்சிவப்பு அலமாரியிலிருந்து அவர் ராத்திரிதோறும் இறங்கி நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அவரு என் நெஞ்சு மேல உட்கார்ந்துக்கறாரு.”

“பெரியவங்களை அப்படியெல்லாம் சொல்லக் கூடாது சாமி,” என்றாள் மங்கை.

சொன்னாளே, சொன்னாள். இந்தக் கதையில் மங்கைக்கு மன்னிப்பு கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவளும் அந்தக் கூட்டத்தில் மூக்கைச் சிந்தியவள்தான்.

ஆடியின் இரண்டாம் வாரத்தில் மிருதுளா மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கத் தொடங்கியது. மெல்லிய விசில், குக்கர் கூவுவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. சிவப்பிரகாசத்துக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. “எங்க, இன்னொருக்கா ஊது கண்ணு” என்றான். விருந்தாளிகள் வந்தால் ஊதச் சொன்னான். பிறகு அந்தச் சத்தம் வீட்டின் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது, ஃபிரிட்ஜ் முனகுவது போல. எந்த அறையில் பிள்ளை இருக்கிறாள் என்று விசிலை வைத்தே கண்டுபிடித்தார்கள். பள்ளியில் டிரில் வகுப்பில் உதடு நீலமாகி உட்கார்ந்துவிட்டாள் என்று போன் வந்த அன்றுதான் மங்கை ஆட்டோ பிடித்து, பிள்ளையை அள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

குழந்தைகள் டாக்டர் வயதானவர் அல்ல, பொறுமை உள்ளவரும் அல்ல. மிருதுளாவின் முகத்தில் மருந்துப் புகை வருகிற மூடியைப் பொருத்திவிட்டு மங்கையைப் பார்த்தார்.

“வீட்ல புதுசா ஏதாச்சும் மாத்தினீங்களா? பெயிண்ட், மரவேலை?”

“எல்லாமே புதுசுதானுங்க டாக்டர்,” என்றாள் மங்கை, அந்த நிலையிலும் குரலில் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. “எல்லா ரூம்லயும் சீலிங் வரைக்கும் அலமாரி. வால்நட்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஜன்னல்?”

“இருக்குதுங்க.”

“இருக்குதுன்னு தெரியும். திறக்கறீங்களா?”

மங்கை குனிந்து மிருதுளாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“அந்தப் பலகை மரம் இல்லம்மா. மரத்தூளையும் மரச்சீவலையும் பசை போட்டு அமுக்கினது. பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடுன்னு ஒரு வாயு வந்துட்டே இருக்கும். வெட்டின ஓரத்தை மூடாம விட்டா இன்னும் வரும், சூட்டுல இன்னும் வரும். பெயிண்டும் தின்னரும் விடறது வேற. உங்களுக்குக் கண் எரியும், தலை வலிக்கும், அவ்வளவுதான்னு இருந்துடுவீங்க. இவளுக்கு மூச்சுக்குழாய் பென்சில் அளவுகூட இல்ல. அது தினம் சுருங்கிச் சுருங்கி விரியுது. ஒருநாள் விரியாமப் போனா என்கிட்ட கொண்டுவர நேரம் இருக்காது.”

“மருந்துங்க?”

“மருந்து தர்றேன். என்கிட்ட மூச்சு வாங்கிட்டுப் போய் மறுபடியும் அதே ரூம்லதானே படுக்க வைப்பீங்க?”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சிவப்பிரகாசம் தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

“உங்க பெரியப்பனுக்கு இளைப்பு இருந்துச்சில்ல. உங்க வழி.”

“எங்க பெரியப்பன் நாப்பது வருசம் பஞ்சு மில்லுல இருந்தாருங்க. இவ ஒண்ணாங்கிளாஸ் படிக்கறா.”

“அந்த டாக்டர் சொந்த வீட்ல இருக்காங்களா?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“வாடகை வீடாத்தான் இருக்கும். சொந்த வீடு கட்டினவங்க இப்படிப் பேச மாட்டாங்க.”

“அலமாரியைக் கழட்டிரலாமுங்க.”

இப்போது தலை நிமிர்ந்தது. “கழட்டறதா? ஆவணி மொத முகூர்த்தத்துக்கு புதுசாக் கட்டப்போற டி பிளாக்குக்கு வீடு பார்க்க ஆளு வர்றாங்க. நம்ம வீட்டைத்தான் மாதிரி வீடாக் காட்டறேன்னு கனகசபாபதி சொல்லியிருக்காரு. வாசனையார் இல்லாத வீட்டைக் காட்டச் சொல்றியா? நாளைக்கு என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?”

“இந்த நாத்தத்துல வைக்காதீங்க, போதும்.”

சோபாவில் உட்கார்ந்திருந்த வாசனையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பார்த்த விதத்தில் மரியாதை இல்லை.

மறுநாள் கணவன் வேலைக்குப் போனதும் மங்கை முதல் காரியமாக எல்லா ஜன்னலையும் திறந்தாள். முப்பது நாள் காத்திருந்த ஆடிக்காற்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தது. திரைச்சீலை சீலிங்கைத் தொட்டது, காலண்டர் பறந்து சமையலறையில் விழுந்தது. வாசனையார் எழுந்தார். ஓடப்போகிறார் என்று மங்கை நினைத்தாள். அவரோ நிதானமாக நடந்து போய், மிருதுளாவின் அலமாரிக் கதவைத் திறந்து, பள்ளிச் சீருடைகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். சாயங்காலம் காற்று ஓய்ந்ததும் வெளியே வந்தார்.

“போங்க,” என்றாள் மங்கை. “ஜன்னல்தான் திறந்திருக்குதல்ல?”

அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக வாயைத் திறந்தார். பலகை அறுக்கிற மாதிரி ஒரு குரல்.

“எங்க போறதுங்க அம்மணி? நான் வந்தவன் இல்ல, இந்தப் பலகையிலேயே இருக்கறவன். ஜன்னலைத் திறந்தா மெலிவேன். மூடினா மறுக்கா ஊறுவேன். பசை இருக்கற வரைக்கும் இருப்பேன். வருசக்கணக்காகும்.”

“எம்புள்ள மூச்சு விட முடியாமக் கெடக்கறாளே!”

“அதுக்கு நானா பொறுப்பு? வடக்கே ஒரு தகரக் கொட்டகையில என்னைக் காய்ச்சினவங்க இருந்தாங்க. கண்ணு அவிஞ்சு, தொண்டை அவிஞ்சு வேலை பார்த்தாங்க. அவங்க ஒருத்தரும் என்னைக் கும்பிடலை. காறித் துப்பிட்டு, கையைக் கழுவிட்டுப் போனாங்க. அது நாயம். நீங்கதான் படிச்சவங்க. நீங்கதான் எனக்கு நாற்காலி போட்டீங்க, பேருக்குப் பின்னால ‘யார்’ போட்டீங்க, சாம்பிராணி காட்டினீங்க. நானும் எத்தனையோ ஊட்டுக்குப் போயிருக்கறனுங்க. இவ்வளவு மரியாதை தெரிஞ்ச முட்டாளுகளை எங்கயும் பார்த்ததில்ல.”

மங்கைக்கு முகம் எரிந்தது. இந்த முறை அது ஃபார்மால்டிஹைடால் அல்ல.

வீட்டு வேலைக்கு வரும் மயிலாத்தாள் இதையெல்லாம் துடைப்பமும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மங்கையைவிட ஏழெட்டு வயது சின்னவள், வாய் மட்டும் பெரிது. சாமான் லிஃப்டில் சிமெண்ட் மூட்டையோடு ஏறி வந்த கோபம் அவளுக்குத் தினமும் புதிதாக இருக்கும்.

“ஏனுங்க்கா, என் தலை எண்ணெய் இவருக்கு ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே. இவரு உங்களுக்கு ஒத்துக்கறாரான்னு யாரும் கேக்கலையாக்கும்?”

“லொள்ளு பேசாத மயிலா.”

“நான் எதுக்குப் பேசறேன். இந்தக் கதவுக்கு உப்புத்தாள் போட்டதே நானுங்க்கா. தெரியாதா? இந்த சி பிளாக்குல நாலு மாசம் தேச்சேன். இருமி இருமி ரத்தம் வந்துச்சுன்னுதான் அந்த வேலைய விட்டுட்டுப் பாத்திரம் கழுவ வந்தேன். மேஸ்திரி என்ன சொன்னாரு தெரியுமா? வாழைப்பழம் தின்னா சரியாயிரும்னாரு.” அவள் சிரித்தாள். சிரித்தது இருமலில் முடிந்தது. “அப்ப இவருக்குப் பேரு வெறும் நாத்தம். வாசனையார் ஆனது நீங்க குடிவந்த பொறகுதான்.”

மங்கை அவளை வெகுநேரம் பார்த்தாள். நான்கு மாதம் கூடவே நின்று கைப்பிடிக்குக் கைப்பிடி பார்த்தவள், கதவைத் தேய்த்தவளின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

“மயிலா, இதோட ஸ்க்ரூவெல்லாம் எங்கெங்க இருக்குதுன்னு தெரியுமா?”

“தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.”

ஆடியின் கடைசி நாள், காலை பத்து மணி. திருப்புளியோடும் சுத்தியலோடும் இரண்டு பெண்கள் மிருதுளாவின் அறையிலிருந்து தொடங்கினார்கள். முதல் கதவு கழன்றபோது வெட்டப்பட்ட ஓரத்திலிருந்து சூடான மூச்சு மாதிரி ஒன்று வந்து முகத்தில் அடித்தது, ஓரத்தை மூடுகிற பட்டை ஒட்டவே இல்லை. சுவர்ப்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள். இரண்டு பேரும் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். கதவு கனத்தது. மயிலாத்தாள் ஒரு முனையைத் தூக்கினாள், மறுமுனைக்கு மங்கை போவதற்குள் அங்கே ஒரு வார்னிஷ் கை வந்து பிடித்துக்கொண்டது.

“நான் வர்றனுங்க,” என்றார் வாசனையார். “இதுல இருக்கற வரைக்கும் நானும் கூடவே போய்த்தான ஆகோணும்.”

இப்படியாக அவர்கள் இறங்கினார்கள். முன்னால் மயிலாத்தாள், பின்னால் வாசனையார், நடுவில் தோள் கொடுத்துக்கொண்டு மங்கை. சாமான் லிஃப்டில் அல்ல, கண்ணாடி பதித்த பெரிய லிஃப்டில். ஒவ்வொரு தடவை கீழே போய் மதில் ஓரத்தில் பலகையைச் சாத்திவிட்டு வரும்போதும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தார். ஐந்தாவது நடையில் தோள் போனது, பத்தாவதில் முகம் போனது, டிவி பலகையை இறக்கும்போது, பலகையின் ஓரத்தைப் பிடித்த பத்து விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. ஹால் சீலிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கியதில் அதில் ஐந்து போயின, சுவர்ப் பெயிண்டுக்கென்று ஐந்து மிஞ்சின.

நடுவில் ஒரு நடையில் கனகசபாபதி லிஃப்ட் வாசலில் கையை விரித்து நின்றார். பின்னால் பிரேமலதாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும்.

“ஏம்மா, என்ன காரியம் பண்ற? வாசனையாரைக் கீழ இறக்கறதுக்கு சங்கத்துல அனுமதி வாங்கினியா?”

“எம்புள்ள மூச்சு விடறதுக்கு எந்த ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணோணும்னு சொல்லுங்க, பண்றேன்.”

“இது பொது விசயம். ஒரு வீட்ல வாசனை போனா மொத்தக் கட்டடத்துக்கும் பேரு போகும்.”

“உங்க கண்ணு ஏன் சார் சிவந்திருக்குது?”

“அது… எனக்கு சைனஸ்.”

“தொண்ணூத்தியஞ்சு வீட்டுக்கும் ஒரே வாரத்துல சைனஸ் வந்துச்சுங்களா? ஏ-102 வாத்தியாருக்கு மட்டும் ஏன் சார் வரலை? விண்ணப்பம் போட மறந்துட்டாரா?”

“வாத்தியாரு வீட்ல என்ன இருக்குது வர்றதுக்கு?” என்றாள் பிரேமலதா.

“அதைத்தான நானும் சொல்றேன்!”

பதில் சொல்ல வாயைத் திறந்த கனகசபாபதிக்கு இருமல் வந்துவிட்டது. பிரேமலதாவுக்கும் வந்தது. கூட்டமே இருமத் தொடங்கியது. அந்த இடைவெளியில் பலகையை முன்னால் தள்ளிக்கொண்டு மயிலாத்தாள், “வழி விடுங்க, வழி விடுங்க, தலை எண்ணெய் பட்டுரும்” என்று கூவிக்கொண்டே அவர்களைக் கடந்துபோனாள்.

மாலையில் சிவப்பிரகாசம் வந்து கதவைத் திறந்தபோது ஹால் எதிரொலித்தது. சுவரெல்லாம் ஸ்க்ரூ ஓட்டை. துணிமணிகள் அட்டைப்பெட்டிகளில். திறந்த ஜன்னல்களில் காற்று. கத்துவதற்கு மூச்சை இழுத்தான், இழுத்த மூச்சு எரியாமல் அடிவரை போனது, அதில் ஒரு கணம் தடுமாறிப்போனான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. வீட்டில் விசில் கேட்கவில்லை.

“மிருது எங்க?” என்றான். “மங்கை, மிருது எங்க? சத்தத்தையே காணமே!”

செருப்போடு அறைக்குள் ஓடினான். ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து மிருதுளா தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து மூக்கின் கீழ் விரலை வைத்தான். சூடாக, சத்தமே இல்லாமல், மூச்சு வந்து விரலைத் தொட்டது. வால்நட்டைப் பற்றி அவன் அன்று பேசவில்லை. மறுநாள் பேசினான், ஆனால் அன்று பேசவில்லை.

மதில் ஓரத்துப் பலகைகளை என்ன செய்வது என்று மங்கை மறுநாள் காலை யோசித்துக்கொண்டே கீழே போனாள். யோசிக்கத் தேவையிருக்கவில்லை. ஒரு பலகைகூட இல்லை. பி-203காரர்கள் நான்கு கதவுகளை எடுத்துப்போய் முழங்கால் உயர வாசனையாரைத் தோள் உயரம் ஆக்கிவிட்டார்கள். பிரேமலதா மூன்று எடுத்திருந்தாள். அவள் வீட்டு வாசனையார் இப்போது குனிந்துதான் நிலைப்படியைத் தாண்டுகிறார். இளஞ்சிவப்புக் கதவுகள் இரண்டும் கனகசபாபதி வீட்டில், சின்னப் பேத்தி படுக்கும் அறையில். அவற்றை எடுத்துவிடச் சொல்லி மங்கை வீடு வீடாகப் போய்க் கத்தினாள். பொறாமை என்றார்கள். இறக்கிவிட்டு இப்போது வயிறெரிகிறாள் என்றார்கள்.

ஆவணி பிறந்தது. சி-503இல் அனுமதியில்லாத காற்று நுழைவதாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அதே வாரம், ஒரு மதியம், பிரேமலதா வந்து கதவைத் தட்டினாள்.

“சும்மாதான், பேசலாம்னு வந்தேன்.”

பேசவில்லை. ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், எழுந்து போனாள். மறுநாள் கூடவே இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் கனகசபாபதியே பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார், குழந்தையின் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்துகொண்டிருந்தது, அறிவிப்பு விஷயமாகப் பேச வந்ததாகச் சொல்லி ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டார். மங்கை பேத்தியை வாங்கித் தன் மடியில், ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். விசில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிரேமலதா நெஞ்சு நிறைய, வயிறு நிறைய, சி-503இன் காற்றை இழுத்து விட்டுவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“பாவம் மங்கை,” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். “துணியெல்லாம் அட்டைப்பெட்டியில கெடக்குது பாரு.”

“ச்சு,” என்றாள் அவளும், ஆழமாக இன்னொரு மூச்சை இழுத்துக்கொண்டு.

நான்கு மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். கனகசபாபதி பேத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் நடைபாதையில் கேட்டது. மிருதுளா மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடி விளையாடிவிட்டு, வியர்வையோடு வந்து அம்மாவின் மேல் சாய்ந்தாள்.

“அம்மா, அவங்கெல்லாம் ஏன் நம்ம வீட்டுக்கு வந்து மூச்சு விடறாங்க?”

“அவங்க வீட்ல அலமாரி இருக்குதல்ல கண்ணு,” என்றாள் மங்கை. “அதுக்குத்தான்.”